சாமி படத்துக்குப் பின்னால் இருந்த கடிதம்

குடியாத்தத்தில் கங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. 2023 ஜூன் மாதத்தின் முதல் வாரம். என் தம்பி மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி நாள். புதன்கிழமை மதியம் தம்பி போன் செய்தான்.

"அக்கா, கணக்கில் பணம் இருக்கிறது. ஆனால் எடுக்க முடியவில்லை."

வங்கியில் கேட்டிருக்கிறான். "உங்கள் கணக்கில் லியன் வைத்திருக்கிறோம், வருமான வரியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கணக்கில் இருந்தது 31,000 ரூபாய். லியன் என்று எடுக்க விடாமல் நிறுத்தி வைத்தது 23,500 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். கட்டணத்தை என் ஓய்வூதியப் பணத்திலிருந்து கட்டிவிட்டோம். அது பெரிய விஷயம் இல்லை. மறுநாள் காலை சத்துவாச்சாரியிலிருந்து பஸ் ஏறிக் குடியாத்தம் போனேன்.

"வீட்டுக்குக் கடிதம் எதுவும் வரவில்லையா?" என்று கேட்டேன். தம்பி பதில் சொல்லவில்லை. அவன் மனைவியின் பார்வை பூஜை அலமாரிக்குப் போனது. கொஞ்ச நேரம் கழித்து அவனே எழுந்து போய், வெங்கடாசலபதி படத்துக்குப் பின்னால் கையை விட்டு மூன்று உறைகளை எடுத்தான். இரண்டு உறைகள் பிரிக்கப்படவே இல்லை. கற்பூரப் புகை படிந்து ஓரங்கள் பழுப்பேறியிருந்தன.

"பிரித்தால் கட்டச் சொல்லியிருப்பார்கள் என்று தெரியும் அக்கா. கட்டப் பணம் இல்லை. பிரித்து என்ன செய்வது?"

எனக்கு அவனைத் திட்ட வாய் வரவில்லை. 31 ஆண்டு பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். விடைத்தாளைப் பிரித்துப் பார்க்கப் பயந்து பைக்குள் சுருட்டி வைத்துக்கொள்ளும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். அதோடு எங்கள் வீட்டுக்கு இந்தப் பயம் புதியதும் இல்லை.

பள்ளிகொண்டா பக்கம் பாலாற்றங்கரையில் எங்கள் நைனாவுக்கு ஒன்றே முக்கால் ஏக்கர் நிலம் இருந்தது. நான் பிறப்பதற்கு முன்னால், ஆற்றில் தண்ணீர் வராத ஒரு வருடம், கிஸ்தி என்ற நிலவரி பாக்கி விழுந்திருக்கிறது. மணியக்காரரும் கர்ணமும் தலையாரியும் வந்து, ஆயா சீராகக் கொண்டுவந்த பித்தளை அண்டாவை ஜப்தி செய்து எடுத்துப்போனார்கள். தெருவே நின்று பார்த்ததாம். பாக்கித் தொகை எவ்வளவு என்று நைனா ஒருநாளும் சொன்னதில்லை. அண்டாவின் விளிம்பில் இருந்த நெளிவைப் பற்றி மட்டும் சொல்வார். தலையாரி தலையில் தூக்கியபோது வெயில் பட்டு அது மின்னியதாம். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவன் என் தம்பி. 'வரி', 'பாக்கி' என்ற இரண்டு சொற்கள் ஒரே காகிதத்தில் இருந்தால் அவனுக்குக் கை நடுங்கும்.

இதைவிடப் பழைய கதையும் உண்டு. சென்னை மாகாணத்தில் வரி வசூலின் பெயரால் நடந்த சித்திரவதைகளை விசாரிக்க ஓர் ஆணையம் அமைத்தார்கள். அதன் அறிக்கை 1855இல் வெளியானது. கிட்டி, அண்ணாந்தாள் என்று இரண்டு முறைகளை அது விவரிக்கிறது. கிட்டி என்பது ஒரு முனையில் சேர்த்துக் கட்டிய இரண்டு குச்சிகள். இடையில் விரலை வைத்து நசுக்குவது. அண்ணாந்தாள் என்றால் கழுத்துக்கும் கால்விரலுக்கும் கயிறு போட்டு உடம்பை வளைத்துக் கட்டுவது. அடுத்த பத்தாண்டுக்குள் 1864இல் வருவாய் வசூல் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் தமிழ்நாட்டில் இன்னும் நடப்பில் இருக்கிறது. நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாக எழுத்தில் ஒரு முறை இருந்தும், கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் ஒளிக்கும் பழக்கம் நம்மிடம் மிச்சம் இருக்கிறது என்றால், அந்த முறையை யாரும் நம்மிடம் உட்கார்ந்து சொல்லவில்லை என்றுதான் பொருள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தம்பியின் பாக்கி எப்படி வந்தது என்று பார்ப்போம். அவன் ஆம்பூர் பக்கம் ஒரு தோல் செருப்புத் தொழிற்சாலையில் உற்பத்தி மேற்பார்வையாளர். பெயர் வேண்டாம், அது 2018இல் மூடப்பட்டுவிட்டது. 2016-17 நிதியாண்டில் அவனுடைய வரிக்குரிய வருமானம் 5,20,000 ரூபாய். அன்றைய விகிதத்தில் இரண்டரை லட்சத்துக்கு மேல் ஐந்து லட்சம் வரை 10 சதவீதம், அதாவது 25,000. அதற்கு மேலுள்ள 20,000க்கு 20 சதவீதம், 4,000. இரண்டும் சேர்ந்த 29,000க்கு 3 சதவீதக் கல்வித் தீர்வை 870. மொத்தம் 29,870. இதைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதம் ஏறக்குறைய 2,490 ரூபாய் சம்பளத்தில் பிடித்தார்கள். சம்பளச் சீட்டு ஒவ்வொன்றிலும் அந்தத் தொகை அச்சாகியிருக்கிறது.

பிடித்த வரியை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் அரசுக்குக் கட்டவேண்டும். மார்ச் மாதப் பிடித்தத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை அவகாசம். அந்த நிறுவனம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான் கட்டியிருக்கிறது. அக்டோபரிலிருந்து பிடித்த 14,930 ரூபாய் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. தம்பிக்குச் சம்பளத்தில் குறைந்தது, அரசுக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

2017 ஜூலையில் குடியாத்தத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் கணக்குத் தாக்கல் செய்தான். பெங்களூருவில் இருக்கும் மையத்தில் கணினி அதைப் பரிசீலிக்கும்போது, அரசுக்கு வந்து சேர்ந்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் என்ற பதிவில் இருக்கும் தொகையைத்தான் பார்க்கும். சம்பளச் சீட்டைப் பார்க்காது. நவம்பரில் வருமான வரிச் சட்டத்தின் 143(1) பிரிவின் கீழ் அறிவிப்பு வந்தது. 14,930 வரி, அதன் மேல் வட்டிகள் சேர்த்து 16,870 ரூபாய். அந்த அறிவிப்பு மின்னஞ்சலில் போனது. யாருடைய மின்னஞ்சல்? பிரவுசிங் சென்டர் நடத்தியவருடையது. தாக்கல் செய்தபோது தம்பிக்கு மின்னஞ்சல் இல்லாததால் அவர் தன்னுடையதைப் போட்டிருந்தார். நம் ஊர்களில் ஆயிரக்கணக்கானவர்களின் வரிக் கணக்கு இப்படி வேறு யாரோ ஒருவருடைய மின்னஞ்சலில் தொங்கிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். இதைப் படிப்பவர்கள் இன்றே வருமான வரி இணையதளத்துக்குள் போய், மின்னஞ்சல் என்ற அந்த ஒரு கட்டத்தைச் சரிபாருங்கள்.

கேட்பு அறிவிப்பு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் கட்டவேண்டும். கட்டாவிட்டால் 220(2) பிரிவின் கீழ் மாதத்துக்கு ஒரு சதவீதம் வட்டி. மாதத்தில் ஒரே ஒரு நாள் ஆனாலும் முழு மாதக் கணக்கு. தம்பிக்கு அது மாதம் 168 ரூபாய். பெரிய தொகை போலத் தெரியாது. ஆனால் 2020 அக்டோபரில் வேறொரு ஆண்டுக்காக அவனுக்கு வரவேண்டிய 3,480 ரூபாய் ரீஃபண்டை இந்தப் பாக்கியில் கழித்துக்கொண்டார்கள். அதற்கு 245ஆம் பிரிவு. கழிப்பதற்கு முன்னால் தகவல் அனுப்பிப் பதில் சொல்ல 30 நாள் கொடுத்திருந்தார்கள். அதுவும் அந்த மின்னஞ்சலுக்கே போனது. மீதி 13,390. அதற்கு மாதம் 133 ரூபாய் வட்டி. 2023 ஜூனில் வட்டி மட்டும் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது.

சாமி படத்துக்குப் பின்னால் இருந்த மூன்றில் ஒன்று, வங்கிக்கு அனுப்பிய 226(3) அறிவிப்பின் நகல். இந்தப் பிரிவைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். வரி பாக்கி வைத்தவருக்கு யாரெல்லாம் பணம் தரவேண்டியிருக்கிறதோ, அவர்கள் எல்லாருக்கும் அதிகாரி நேராகவே கடிதம் எழுதலாம். வங்கி அதில் முதல் ஆள். சம்பளம் தருபவருக்கு எழுதலாம், சரக்கு வாங்கிய வியாபாரிக்கு எழுதலாம், வாடகைக்குக் குடியிருப்பவருக்கும் எழுதலாம். வேலூரில் பெரிய மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் மேற்கு வங்கத்திலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வரும் நோயாளிகளுக்கு அறை விடுகிறவர்கள் நிறைய. அப்படி ஒரு வீட்டுக்காரரின் தரைத்தளக் கடைக்காரர்கள் மூன்று பேருக்கும், 'இனி வாடகையைத் துறைக்குக் கட்டவும்' என்று கடிதம் வந்ததை ஆடிட்டர் எனக்குச் சொன்னார். வீட்டுக்காரருக்குப் பணத்தைவிட மானம்தான் பெரிய கவலையாக இருந்ததாம்.

ஆடிட்டரைப் பற்றிச் சொல்லவேண்டும். காட்பாடியில் மாடியில் ஒரு சின்ன அலுவலகம். என் பழைய மாணவியின் கணவர் என்பதால் நேரம் எடுத்துப் பேசினார். தம்பி, அவன் மனைவி, நான் மூவரும் போனோம். மஞ்சள் பையில் கிடைத்த காகிதமெல்லாம் கொண்டுபோனோம். அவர் எதையும் பார்ப்பதற்கு முன்னால் தம்பி மனைவி ஒரு கேள்வி கேட்டாள்.

"சார், வீட்டுக்கு வந்து எடுப்பார்களா? என் தாலியை எடுத்துக்கொள்வார்களா?"

என் பக்கம் திரும்பி, "கேட்கக் கூடாதா அண்ணி?" என்றாள். கேட்க வேண்டிய கேள்விதான். நான் கேட்காமல் விட்டது அது.

அவர் சிரிக்கவில்லை. எழுந்து அலமாரியிலிருந்து உரிமையியல் நடைமுறைச் சட்டத்தை எடுத்து 60ஆம் பிரிவைத் திறந்தார். வரி பாக்கி முற்றிப்போனால் வருமான வரிச் சட்டத்தின் 222ஆம் பிரிவின்படி வரி வசூல் அதிகாரி பாக்கியைக் குறித்து ஒரு சான்றிதழ் எழுதுவார். அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை அவருக்கு நான்கு வழிகளைக் கொடுக்கிறது. அசையும் சொத்தை ஜப்தி செய்து விற்கலாம், அசையாச் சொத்தை ஜப்தி செய்து விற்கலாம், சொத்தை நிர்வகிக்க ஒருவரை நியமிக்கலாம், ஆளைக் கைது செய்து சிவில் சிறையில் வைக்கலாம். முதலில் 15 நாள் கெடு வைத்து அறிவிப்புக் கொடுத்த பிறகுதான் இதெல்லாம். ஆனால் சிவில் நீதிமன்றம் எதையெல்லாம் ஜப்தி செய்யக் கூடாதோ அதையெல்லாம் இவரும் தொடக் கூடாது என்று அதே அட்டவணையின் பத்தாம் விதி சொல்கிறது. 60ஆம் பிரிவில் அந்தப் பட்டியல் இருக்கிறது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழிலாளியின் கருவிகள், உழவரின் ஏர்ச்சாமான்கள், பிழைப்புக்கு வேண்டிய மாடு, விதை நெல். மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றித் தரமுடியாத நகைகள்.

"அதுதானம்மா தாலி. தொட முடியாது" என்றார்.

சமையல் பாத்திரம் என்று அவர் படித்தபோது எனக்கு அண்டா ஞாபகம் வந்தது. கிஸ்திக்கு வேறு சட்டம், தண்ணீர் அண்டா இந்தப் பட்டியலில் அடங்குமா என்பது வழக்கறிஞர் வாதாட வேண்டிய கேள்வி. ஆனாலும் சமையல் பாத்திரத்துக்கும் ஒரு காவல் சட்டத்தில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்று நைனாவுக்கு யாரும் சொல்லவில்லையே என்று மனம் கனத்தது.

கைதைப் பற்றியும் கேட்டோம். கட்ட வசதி இருந்தும் கட்ட மறுப்பவர், வசூலைத் தடுக்கச் சொத்தை மோசடியாகக் கைமாற்றியவர் போன்றவர்களுக்கே அது. முதலில் காரணம் கேட்டு அறிவிப்பு வரவேண்டும். பெண்களைக் கைது செய்யவே கூடாது என்று 81ஆம் விதி சொல்கிறது. தம்பி மனைவி அதற்குப் பிறகுதான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

பிறகு ஆடிட்டர் சம்பளச் சீட்டுகளை வரிசையாக அடுக்கினார். பன்னிரண்டும் இருந்தன. தம்பி எதைத் தொலைத்தாலும் சம்பளச் சீட்டைத் தொலைக்க மாட்டான். ஆனால் பிடித்த வரிக்கு நிறுவனம் தரவேண்டிய சான்றான படிவம் 16 இல்லை. நிறுவனம் கடைசிவரை தரவில்லை. ஆண்டுதோறும் ஜூன் 15க்குள் தந்திருக்க வேண்டும். சம்பளச் சீட்டில் உள்ள கைக்கு வந்த தொகையும் வங்கிப் பட்டியலில் வரவாகியுள்ள தொகையும் ரூபாய்க்கு ரூபாய் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தார். ஒத்துப்போயின.

"இந்தப் பணத்தை உங்களிடம் கேட்கவே கூடாது" என்றார்.

205ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஒருவருடைய வருமானத்திலிருந்து மூலத்திலேயே வரி பிடிக்கப்பட்டிருந்தால், பிடிக்கப்பட்ட அளவுக்கு அந்த வரியை அவரையே கட்டச் சொல்லக் கூடாது. பிடித்தவர் அரசுக்குக் கட்டாமல் விட்டால் அது பிடித்தவருடைய குற்றம். 201ஆம் பிரிவில் அவரிடம் வசூலிக்க வேண்டும். 276பி பிரிவில் அவர்மேல் வழக்கும் போடலாம். மூன்று மாதத்திலிருந்து ஏழு ஆண்டுவரை சிறை. இதைத் தெளிவுபடுத்தி மத்திய நேரடி வரிகள் வாரியம் 2015 ஜூன் 1ஆம் தேதியே அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதியிருக்கிறது. இப்படிப்பட்ட பொருந்தாமையால் எழும் தொகையைக் கட்டாயப்படுத்தி வசூலிக்கக் கூடாது என்று. 2016 மார்ச் 11இல் அதையே மறுபடியும் வலியுறுத்தியிருக்கிறது. தம்பியின் அறிவிப்பு 2017இல் வந்தது. அதாவது அவனைக் காப்பாற்றும் காகிதம் அவனுக்கு அறிவிப்பு வருவதற்கு முன்பே இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியாத கோபம். கணினிக்குச் சம்பளச் சீட்டு தெரியாது. அதிகாரிக்குத் தம்பி ஒரு வார்த்தை எழுதாதவரை அவன் கதை தெரியாது. பணத்தைப் பிடித்தவர்களோ கடையைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்கள். ஆறு ஆண்டாக ஒரு காகிதத்துக்கும் இன்னொரு காகிதத்துக்கும் நடுவில் ஒரு மனிதன் பேசாமல் உட்கார்ந்திருந்தான்.

பேசாமல் இருந்ததில் போனது வட்டி மட்டும் இல்லை. 154ஆம் பிரிவில் திருத்தம் கேட்கும் வழி இருந்தது. உத்தரவு வந்த நிதியாண்டு முடிந்ததிலிருந்து நான்கு ஆண்டு அதற்குக் காலம். தம்பிக்கு அது 2022 மார்ச் 31இல் முடிந்துவிட்டது. ஆணையரிடம் மேல்முறையீடு செய்ய 30 நாள். தாமதத்துக்கு நல்ல காரணம் காட்டினால் மன்னிப்பார்கள் என்றாலும், சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன் என்று எழுத முடியுமா? மேல்முறையீட்டுக் கட்டணம் பெரிதில்லை. வருமானம் ஒரு லட்சம் வரை 250, இரண்டு லட்சம் வரை 500, அதற்கு மேல் 1,000 ரூபாய். மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது வசூலை நிறுத்திவைக்கவும் கேட்கலாம். 2017 ஜூலை 31இல் வந்த வாரியக் குறிப்பின்படி, தகராறில் உள்ள தொகையில் 20 சதவீதம் கட்டினால் பொதுவாக மீதியை நிறுத்திவைப்பார்கள்.

எங்களுக்கு மிச்சம் இருந்த வழியில் போனோம். இணையதளத்தில் நிலுவைத் தொகைக்குப் பதில் அளிக்கும் பக்கத்தில் 'உடன்படவில்லை' என்று குறித்துக் காரணம் எழுதினோம். முதல் வேலையாக மின்னஞ்சலைத் தம்பி மகளுடையதாக மாற்றினோம். அதிகாரிக்கு ஒன்றரைப் பக்கக் கடிதம். 205ஆம் பிரிவு, வாரியக் கடிதங்களின் இரண்டு தேதிகள், இணைப்பாகச் சம்பளச் சீட்டு 12, வங்கிப் பட்டியல், 26ஏஎஸ் நகல். கெஞ்சல் ஒரு வரி கூட இல்லை. நான் கொஞ்சம் எழுதியிருந்தேன், ஆடிட்டர் அடித்துவிட்டார். "கஷ்டத்தைச் சொல்லவேண்டிய கடிதம் வேறு டீச்சர், இது உரிமையைச் சொல்லும் கடிதம்" என்றார். நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொண்டு வந்தேன். அலுவலகத்தில் என்னிடம் யாரும் கடுமையாகப் பேசவில்லை. எழுத்தர் இணைப்புகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து, "இப்படி அடுக்கிக் கொண்டுவந்தால் எங்களுக்கும் சுலபம் அம்மா" என்றார். ஆகஸ்ட் இரண்டாம் வாரம் லியன் எடுக்கப்பட்டது. வங்கியிலிருந்து ஒரு ரூபாயும் போகவில்லை.

ஆடிட்டர் சொன்ன அந்த இன்னொரு கடிதத்தைப் பற்றியும் எழுதவேண்டும். ஏனென்றால் எல்லாருடைய பாக்கியும் தம்பியுடையது போலத் தவறானது இல்லை. உண்மையாகவே கட்டவேண்டியதாக இருந்து கையில் பணம் இல்லாதவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு 220(3) பிரிவு இருக்கிறது. கெடு முடிவதற்குள் விண்ணப்பித்தால் அதிகாரி கால நீட்டிப்போ தவணையோ தரலாம். கெடு முடிவதற்குள் என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். மருத்துவமனைப் பக்கத்து வீட்டுக்காரர் கெடு முடிந்த பிறகு போனதால்தான் கடைக்காரர்களுக்குக் கடிதம் போனது. பிறகு பேசிப் பத்துத் தவணை வாங்கினார். வாடகை மறுபடி அவர் கைக்கே வந்தது. வட்டியே சுமையாகிவிட்டால் 220(2ஏ) பிரிவில் குறைக்கவோ தள்ளுபடி செய்யவோ கேட்கலாம். கட்டுவது உண்மையான கஷ்டத்தை உண்டாக்கும், தாமதம் தன் கைமீறிய காரணத்தால் வந்தது, விசாரணைக்கு ஒத்துழைத்தேன் என்று மூன்றையும் காட்டவேண்டும். விண்ணப்பம் பெற்ற மாத முடிவிலிருந்து 12 மாதத்துக்குள் முடிவு சொல்லவேண்டும் என்று சட்டமே கெடு வைத்திருக்கிறது. கெடு நமக்கு மட்டும் இல்லை என்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

குடியாத்தத்தில் கைலி வியாபாரம் செய்யும் என் தோழியின் கணவருக்கு ஜிஎஸ்டியில் இப்படி ஒரு பாக்கி. அங்கே 80ஆம் பிரிவில் 24 மாதத் தவணை வரை கேட்கலாம். ஆனால் தாமே தாக்கல் செய்த கணக்கில் ஒப்புக்கொண்ட வரிக்கு அது கிடையாது. அதிகாரி உத்தரவால் வந்த பாக்கிக்குத்தான். ஒரே ஒரு தவணை தவறினாலும் மீதி முழுவதும் உடனே கட்டவேண்டியதாகிவிடும். அவர் தவணைத் தேதியை நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.

சில பாக்கிகள் அரசே துடைத்தவை. 2024 பிப்ரவரி 1இல் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் இடைக்கால பட்ஜெட்டில் அறிவித்தார். 2009-10 நிதியாண்டு வரையிலான நிலுவையில் ஒவ்வொன்றும் 25,000 ரூபாய் வரை, 2010-11 முதல் 2014-15 வரையிலானவற்றில் 10,000 ரூபாய் வரை விலக்கிக்கொள்ளப்படும் என்று. ஒருவருக்கு மொத்தம் ஒரு லட்சம் என்று பின்னால் வரம்பு வைத்தார்கள். என்னோடு வேலை செய்த தமிழாசிரியை ஒருவருக்கு 2008ஆம் வருடத்து 6,000 ரூபாய் பாக்கி ஒன்று பதினைந்து ஆண்டாகப் பின்தொடர்ந்தது. அது போய்விட்டது. அவர் எனக்கு இனிப்புக் கொண்டுவந்து கொடுத்தார். தமிழ்நாடு அரசும் பழைய வணிக வரி பாக்கிகளுக்கு 2023 அக்டோபரில் சமாதான் திட்டம் கொண்டுவந்து, 50,000 ரூபாய்க்குக் குறைந்த நிலுவைகளை வட்டி, அபராதத்தோடு முழுவதும் தள்ளுபடி செய்தது. வேலூர் லாங்பஜாரில் சின்னக் கடைகள் சிலவற்றுக்கு அது பெரிய ஆறுதல். தம்பியின் பாக்கி 2016-17ஆம் ஆண்டுடையது. இரண்டு வருட வித்தியாசத்தில் மத்திய அரசின் அந்தச் சலுகை அவனுக்குக் கிடைக்காமல் போய்விட்டது.

இங்கே நான் சொன்ன வருமான வரிப் பிரிவு எண்கள் எல்லாம் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தினுடையவை. 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு என்பதால் அதில் எண்கள் வேறு. பழைய ஆண்டுப் பாக்கிக்கான கடிதம் வந்தால் அதில் எந்தச் சட்டம் என்று எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்து ஆடிட்டரிடம் கேளுங்கள். சம்பளத்தில் வரி பிடிபடுகிறவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 26ஏஎஸ் பதிவைத் திறந்து, பிடித்தது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். தம்பி 2017 தொடக்கத்திலேயே பார்த்திருந்தால், நிறுவனம் திறந்திருந்தபோதே அந்தக் கணக்குப் பிரிவின் வாசலில் போய் நின்றிருப்பான்.

இனி 3,480 ரூபாய். 2020இல் கழித்துக்கொண்ட அந்த ரீஃபண்ட். கேட்கக் கூடாத பணத்தை வங்கியிலிருந்து எடுக்கக் கூடாது என்றால், ரீஃபண்டிலிருந்து கழிப்பது மட்டும் எப்படிச் சரியாகும்? 2023 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு ஊழியர் வழக்கில் இதையே சொல்லியிருக்கிறது. நிறுவனம் பிடித்துக் கட்டாமல் விட்ட வரியை ஊழியரிடம் கேட்கவும் கூடாது, அவருடைய ரீஃபண்டில் கழிக்கவும் கூடாது என்று. அது நம் உயர் நீதிமன்றம் இல்லை, ஆனால் எடுத்துக்காட்டலாம். ஆடிட்டர், "விட்டுவிடுங்கள் டீச்சர், பஸ் கட்டணத்துக்கே சரியாகப் போய்விடும்" என்கிறார். தம்பியும் விட்டுவிடலாம் என்கிறான்.

நான் விடுவதாக இல்லை. இரண்டு கடிதம் எழுதியாயிற்று. முதல் கடிதத்துக்கு, பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. இரண்டாவதற்கு இன்னும் வரவில்லை. மூன்றாவதை நேற்று இரவு எழுதி முடித்தேன். இணைப்புகள் ஏழு, எண் போட்டு அடுக்கியிருக்கிறேன். தம்பி செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறான். இந்த முறை கையெழுத்தைப் போட்டு அவனே உள்ளே போய்க் கொடுக்கட்டும். நான் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.